ஒரு சொல் போதும்

1967 பிப்ரவரி 20. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். பாடகருக்குப் பியானோ வாசிப்பதை ஒரு தனிக் கலையாகவே உயர்த்திய ஜெரால்ட் மூர் மேடைக்கு விடை கொடுக்கும் கச்சேரி. அவருக்காகப் பாட வந்தவர்கள் மூவர்: எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலஸ், டீட்ரிச் ஃபிஷர்-டீஸ்காவ். அன்றைய ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய பந்தல் போட முடியாது. அந்த மேடையில் ஷ்வார்ட்ஸ்கோப்பும் டி லாஸ் ஏஞ்சலஸும் சேர்ந்து ஒரு துக்கடா பாடினார்கள். அதன் சாகித்யம் முழுவதும் ஒரே சொல்: 'மியாவ்'.

'இரண்டு பூனைகளின் வேடிக்கை டூயட்' என்று அதற்குப் பெயர். ரோசினி எழுதியது என்று நிகழ்ச்சி நிரல்களில் போடுவது வழக்கம். உண்மையில் அது 1825இல் ஜி. பெர்த்தோல்ட் என்ற பெயரில் வந்த ஒட்டுவேலை. பெர்த்தோல்ட் என்பது ராபர்ட் லூகாஸ் பியர்சால் என்ற ஆங்கிலேயரின் புனைபெயர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மெட்டுகளில் பெரும்பகுதி ரோசினியின் 'ஒதெல்லோ' (1816) ஓபராவிலிருந்து எடுத்தது. சந்தேகத்தீ மூண்டு ஒதெல்லோவும் இயாகோவும் பாடும் இடம் அதில் ஒன்று. கொலையில் முடியப்போகும் கதையின் இசைக்குப் பூனைக்குரல்.

சபை சிரித்தது. எதற்குச் சிரித்தது என்பதுதான் என் கேள்வி. இரண்டு மகாவித்வாம்சினிகள் பூனையாக இறங்கி வந்ததற்கா? அப்படியானால் அது ஆளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. இசையைப் பார்த்து என்றால், இசையில் எதைப் பார்த்து? புகழ்பெற்ற சங்கீதத்தைக் குரலால் கேலி செய்யும் பகடிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். பெரும்பாலும் 'அருமையான நகைச்சுவை' என்ற ஒரே கூடையில்தான் அவற்றைப் போடுகிறோம். கூடையைக் கவிழ்த்துத் தரம் பிரிக்க மூன்று உரைகல் போதும்.

முதலாவது, மெட்டை மாற்றிப் பார்ப்பது. வேறு மெட்டிலும் அதே சிரிப்பு வந்தால், கேலிக்கும் அந்த இசைக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, மூலத்துக்குத் திரும்பிப் போவது. பகடியைக் கேட்டபின் மூலத்தில் இதுவரை கேட்காத ஏதாவது காதில் விழ வேண்டும். மூன்றாவது, இன்னொரு முறை கேட்பது. முதல் தடவை திடுக்கிடலுக்கே சிரிப்பு வந்துவிடும். இரண்டாம் தடவை வேலைப்பாடு இருந்தால்தான் வரும்.

பகடி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சொல் மாற்று. தெரிந்த மெட்டில் இட்லியையும் மாமியாரையும் ஏற்றிப் பாடினால் கல்லூரி விழாவில் கைதட்டல் நிச்சயம். ஆனால் சொல்லை மாற்றுவதில் இயல்பாக எந்தச் சிரிப்பும் இல்லை என்பதற்கு யோஹான் செபாஸ்டியன் பாக்கே சாட்சி. 1733இல் ஓர் இளவரசனின் பிறந்தநாளுக்கு அவர் எழுதிய பாட்டுத்தொடரில், 'சிற்றின்பம்' என்னும் பாத்திரம் ஹெர்குலிஸை மயக்கித் தூங்கச் சொல்லிப் பாடும். அடுத்த ஆண்டு 'கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ'வில் அதே மெட்டு குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டானது. சுருதியும் பாடும் குரலும் மாறின. மெட்டு அப்படியே இருந்தது. இசையியலாளர்கள் இந்த வேலையையும் 'பாரடி' என்றே அழைக்கிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை, பலர் கண்ணீர்கூட விடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் அமைத்த நோட்டுஸ்வரங்களில், இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப்பாடலின் மெட்டு சங்கீத சியாமளையின் மீதான பிரார்த்தனையாக இருக்கிறது. அதையும் யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. மெட்டு வாடகை வீடு மாதிரி, யார் குடிவந்தாலும் இடம் கொடுக்கும். பழைய குடித்தனக்காரரின் வாசனை போகாமல் புதியவரோடு மோதினால்தான் சிரிப்பு. ஆகவே பகடிக்காரரின் திறமை புதுச்சொல் தேடுவதில் இல்லை, பழைய வாசனையைத் தக்கவைப்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஆலன் ஷெர்மனின் புகழ்பெற்ற பாட்டு தடுமாறுகிறது. 1963இல் அமெரிக்காவில் வந்த 'ஹலோ மட்டா, ஹலோ ஃபாடா' கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன் வீட்டுக்கு எழுதும் கடிதம். மெட்டு, போன்கியெல்லியின் 'லா ஜியோகொண்டா' (1876) ஓபராவில் வரும் 'மணிநேரங்களின் நடனம்'. பாட்டு பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது, கிராமி விருதும் வாங்கியது. கடிதத்தில் துன்பங்கள் அடுக்கிக்கொண்டே போகும், கடைசியில் மழை விட்டதும் பையன் பேச்சை மாற்றிவிடுவான். குழந்தை மனசை இவ்வளவு சுருக்கமாகப் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

ஆனாலும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். துள்ளி நடக்கும் வேறு மெட்டு ஒன்றைப் போட்டாலும் இந்தக் கடிதம் இதே அளவு சிரிக்க வைக்கும். போன்கியெல்லியைப் பற்றி இது ஒன்றும் சொல்வதில்லை, அவருடைய மெட்டைச் சுமைகூலிக்கு அமர்த்திக்கொள்கிறது, அவ்வளவுதான். மூலத்துக்குத் திரும்பிப் போனால் புதிதாக எதுவும் கேட்காது. கேட்டதுகூட மறைந்துவிடும், ஏனென்றால் பையனின் குரல் குறுக்கே வந்து நிற்கும். மெட்டின் மேல் தன் முத்திரையைக் குத்துவதை வெற்றி என்று சொல்லலாம், திறனாய்வு என்று சொல்ல முடியாது. இது முதல்தரமான வேடிக்கைப் பாட்டு. சங்கீதப் பகடியாகக் கணக்கெடுத்தால் கடைசி வரிசை.

சொல் மாற்றியும் உரைகல்லில் தேறலாம் என்பதற்குத் தமிழில் ஒரு சாட்சி இருக்கிறது: என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம். 'நல்லதம்பி' (1949) படத்தில் அதைப் பார்க்கலாம். கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திர'த்தின் கதாகாலட்சேப அச்சு அதில் அப்படியே இருக்கும். சிதம்பரத்துக்கான ஏக்கம் இருந்த இடத்தில் மட்டும் பள்ளிக்கூடத்துக்கான ஏக்கம் வந்து உட்காரும். நந்தன் கதை தெரியாதவருக்கு இதில் பாதி காதில் விழாது. வடிவத்தைப் பிடுங்கிவிட்டால் கேலியும் போய்விடும், கேள்வியும் போய்விடும். கோயில் வாசலில் நின்றவனைப் பார்த்து உருகிய சபையே, பள்ளி வாசலில் நிற்பவனுக்கு என்ன பதில் என்று வடிவமே கேட்கிறது. ஷெர்மன் மெட்டைக் கூலிக்கு அமர்த்தினார் என்றால் என்.எஸ்.கே. அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்.

அடுத்தது குரல்போலி. 1960இல் எடின்பரோவில் தொடங்கிய 'பியாண்ட் தி ஃப்ரிஞ்ச்' கேலிநிகழ்ச்சிக் குழுவைச் சேர்ந்த டட்லி மூர், ஆக்ஸ்போர்டில் ஆர்கன் உதவித்தொகையில் படித்தவர், தேர்ந்த இசைஞர். சிலந்தியைக் கண்டு ஓடும் சிறுமியைப் பற்றிய குழந்தைப்பாட்டை, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் பாணியில் அமைத்து, அவருடைய பாடகர் பீட்டர் பியர்ஸின் குரலில் பாடிக் காட்டினார். அற்ப விஷயத்தைத் தூக்கிப் பிடிக்கும் பியானோ, ஓர் அசையை நெளித்து நெளித்து நீட்டும் குரல், எல்லாம் கச்சிதம். பிரிட்டன் பாணியைப் பிடித்த பகுதி மூன்று கல்லிலும் தேறும். பியர்ஸின் தொண்டையைப் பிடித்த பகுதிக்கு மட்டும் ஆயுள் குறைவு. அந்தக் குரலைக் கேட்டிராதவருக்கு அது ஏதோ ஒரு விசித்திரக் குரல். நம் சபாக்களிலும் வித்வான்களின் முகச்சேட்டையையும் கார்வையையும் போலச் செய்து காட்டும் கெட்டிக்காரர்கள் உண்டு. அசலைப் பார்த்த தலைமுறை இருக்கும்வரைதான் அந்த நகலுக்கு மவுசு.

இப்போது பூனைகளுக்கு வரலாம். முதல் கல்லில் டூயட் தேறுகிறது. காதலும் வன்மமும் பொங்கும் இத்தாலிய ஓபரா மெட்டு வேண்டும். தாலாட்டு மெட்டில் பூனை கத்தினால் வெறும் பூனைதான். இரண்டாவது கல்லிலும் ஒரு கூர்மையான விமர்சனம் வெளிப்படுகிறது. பெல்காண்டோ பாணியில் வேகப் பிருகாக்கள் ஓடும்போது சொல் எப்படியும் கரைந்து உயிரெழுத்தாகத்தான் மிஞ்சும். 'மியாவ்' என்பதில் இ, ஆ, ஊ மூன்றும் வரிசையாக இருக்கின்றன, பாடகிக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. சொல்லையே எடுத்துவிட்டோம், உங்களுக்கு ஏதாவது குறைந்ததா என்று அந்த உருப்படி கேட்கிறது. குறையவில்லை என்பதுதான் சங்கடமான பதில். மேடையில் இது பாழாவது நடிப்பால். பாடகிகள் நகத்தை நீட்டிச் சீறி ஒருவரையொருவர் பிறாண்டத் தொடங்கியதும் சிரிப்பு இசையை விட்டு இறங்கிக் கைகால்களுக்குப் போய்விடுகிறது. முகத்தைச் சற்றும் அசைக்காமல், ஒதெல்லோவையே பாடுவதுபோல் பாடும்போதுதான் அதன் முழு விஷமும் வெளியே வரும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு நல்ல சரக்கு. ஒரே ஒரு கருத்துதான் அதனிடம் இருக்கிறது, அதைச் சொன்னதும் முடிந்துவிடுகிறது.

கருத்துக்குப் பஞ்சமே இல்லாதவர் பீட்டர் ஷிக்கலே (1935–2024). நியூயார்க் ஜூலியார்டில் படித்தவர். பாக்கின் பிள்ளைகளில் கடைசியான, உருப்படாத 'பி.டி.க்யூ. பாக்' என்றொருவரை இவரே உற்பத்தி செய்து, அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்த பேராசிரியராகத் தானே மேடையேறினார். 1965 ஏப்ரலில் நியூயார்க் டவுன் ஹாலில் தொடங்கிய இந்த வியாபாரம் அரை நூற்றாண்டு ஓடியது. பி.டி.க்யூ.வின் காலம் 1807 முதல் 1742 வரையாம். பிறப்பதற்கு முன்பே இறந்த ஆசாமி.

இவருடைய 'புரூக்ளினில் இஃபிஜீனியா' என்ற பாட்டுத்தொடரைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓபோ வாசிக்க வேண்டியவர்கள் கருவி இல்லாமல் வெறும் சீவாளியை ஊதுவார்கள். டிரம்பட்காரர் வாய்ப்பகுதியை மட்டும் ஊதுவார். ஒயின் பாட்டிலும் உண்டு. முதல் தடவை வயிறு வலிக்கும். இரண்டாம் தடவை சீவாளி வெறும் சீவாளியாகத்தான் கேட்கும். ஆனால் அதே படைப்பில் ஓடுகிறவனைப் பற்றிய ஓர் ஆரியா இருக்கிறது. பரோக் காலத்து வழக்கப்படி பாடகர் வாக்கியத்தைத் துண்டுதுண்டாக வெட்டித் திரும்பத் திரும்பப் பாட, கடைசி இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் தனியே நின்று, மூக்கு ஒழுகுகிறது என்ற பொருளில் காதில் விழும். நிரவலில் பதம் பிரிக்கத் தெரியாமல் சாகித்யத்தை வெட்டிப் பொருளைக் கவிழ்க்கும் வித்வானைக் கேட்டிருக்கும் நம் ரசிகருக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தக் கேலி வேறு மெட்டில் பிழைக்காது. ஹேண்டலின் பரோக் ஆரியாக்களுக்குத் திரும்பிப் போனால் ஒவ்வொரு வெட்டிலும் காது கூர்மையாகும். எத்தனை முறை கேட்டாலும் பொறி இருக்கிறது.

இன்னொரு முறை இவர் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு விளையாட்டு வர்ணனை கொடுத்தார். ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, இரண்டு வர்ணனையாளர்கள் மைதானத்தில் உட்கார்ந்ததுபோல் கத்துவார்கள். முதல் பகுதியின் நடுவே ஓபோ மட்டும் தனியாக நின்று ஒரு சிறு சஞ்சாரம் செய்யுமே, அந்த இடத்தில் இவர்களுக்கு ஒன்றுமே புரியாமல் போகும். அந்த நிறுத்தம் பீத்தோவன் எழுதியதுதான். அது எவ்வளவு துணிச்சலான நிறுத்தம் என்று பாடப்புத்தகத்தைவிட இந்த வர்ணனை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. ஷிக்கலேயிடம் தரம் ஏறி இறங்கும். அவர் கூடுதலாகச் சேர்க்கும் இடங்களில் தோற்கிறார். உள்ளதை உள்ளபடி விட்டு, பார்க்கும் கோணத்தை மட்டும் மாற்றும் இடங்களில் ஜெயிக்கிறார். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வோம், கடைசியில் தேவைப்படும்.

ஆனா ரஸ்ஸல் (1911–2006) இந்தக் கணக்கைப் பிறவியிலேயே அறிந்தவர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்து, குரல் கைகொடுக்காததால் கேலியைப் பிழைப்பாக்கிக்கொண்டவர். வாக்னரின் 'நிபெலுங் மோதிரம்' நான்கு இரவுகள், ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும் ஓபராத் தொடர். 1876இல் பைராய்ட்டில் முழுதாக அரங்கேறியது. அதை ரஸ்ஸல் பியானோ முன்னால் தனியாக உட்கார்ந்து, எல்லாப் பாத்திரத்தையும் தானே பாடி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். 1953இல் ஒலித்தட்டாக வந்தது. கதையை அவர் திரிப்பதில்லை. கச்சேரிக்கு முன் விளக்கவுரை தரும் மாமியின் கண்டிப்போடு நடந்ததை நடந்தபடி சொல்வார், தான் இட்டுக்கட்டவில்லை என்று நடுவில் சத்தியமும் செய்வார். வாக்னரை அவிழ்க்க வாக்னரையே ஒப்பிப்பது போதும் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு.

உதாரணத்துக்கு, நாயகன் சீக்ஃபிரீடுக்கும் அவன் காதலி பிரூன்ஹில்டுக்கும் என்ன உறவு? சீக்ஃபிரீடின் அம்மாவும் அப்பாவும் இரட்டையர்கள், வோட்டான் என்ற கடவுளின் பிள்ளைகள். பிரூன்ஹில்டும் வோட்டானின் மகள். ஆங்கிலத்தில் இதை 'ஆன்ட்டி' என்ற ஒரே சொல்லில் ரஸ்ஸல் முடித்துவிடுகிறார். தமிழில் சொல்லிப் பாருங்கள்: அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் பெரியம்மாவோ சித்தியோ, அது வயதைப் பொறுத்தது. அத்தை மகள் முறை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மேடையில் இடிமுழக்கத்துக்கு நடுவே காதல் வளரும்போது யாருக்கும் இந்தக் கணக்கு ஓடாது. ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் வாக்னரின் ஆர்க்கெஸ்ட்ரா செய்யும் வேலை. அந்த ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டுப் பியானோவில் நாலு மெட்டுத்துணுக்குகளை மட்டும் தட்டிக் காட்டியதும் எலும்புக்கூடு தெரிந்துவிடுகிறது.

மூன்று கல்லிலும் ரஸ்ஸல் தேறுகிறார். இதற்கு மேல் ஒரு பலமும் அவரிடம் உண்டு. வாக்னரைக் கேட்டறியாதவரும் சிரிக்கலாம், ஏனென்றால் மூலத்தைக் கையோடு கொண்டுவந்து விளக்கியபடியேதான் அவர் கேலி செய்கிறார். அவரிடம் எனக்குள்ள ஒரே வழக்கு முடிவைப் பற்றியது. இத்தனை மணி நேரம் கழித்தும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம் என்று முடிப்பார். கதையைப் பொறுத்தவரை சரி. ரைன் நதியில் எடுத்த பொன் ரைன் நதிக்கே போகிறது. இசையைப் பொறுத்தவரை இது தவறு. இரண்டாவது ஓபராவின் மூன்றாம் அங்கத்தில், வயிற்றில் பிள்ளை இருப்பதை அறிந்து சீக்ஃபிரீடின் அம்மா சீக்லிண்ட பாடும் ஒரு மெட்டு, அதன்பின் மணிக்கணக்காக எங்குமே வராமல், கடைசி ஓபராவின் கடைசி நிமிடங்களில் திரும்பி வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. புறப்பட்ட இடத்தில் அந்த மெட்டே கிடையாது. வாக்னரின் கதைக்கு ரஸ்ஸல் தீர்ப்பெழுதிவிட்டார். இசையின் வாக்குமூலத்தை முழுதாகக் கேட்காமலே எழுதிவிட்டார்.

இசையின் வாக்குமூலத்தையே கேலியாக்கியவர் ஜாக் ஓஃபன்பாக். மூலம், குளூக்கின் 'ஓர்ஃபியஸ்' (1762). மனைவி யூரிடிசியை இரண்டாம் முறை சாவுக்குப் பறிகொடுத்த ஓர்ஃபியஸ் அதில் ஒரு புலம்பல் பாடுவான். ஐரோப்பிய இசையின் புகழ்பெற்ற ஒப்பாரி அது. ஆனால் மேஜர் ஸ்கேலில், நம் கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், முகாரியின் சாயலே இல்லாமல் அமைந்தது. 1854இல் இசை விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: அதே மெட்டில் 'யூரிடிசியைக் கண்டுகொண்டேன், என் இன்பத்துக்கு இணை ஏது' என்று பாடினாலும் சரியாகவே பொருந்துமே, அப்படியானால் சோகம் இசையில் எங்கே இருக்கிறது?

நாலே ஆண்டில் பாரிஸ் மேடையில் இதற்குப் பதில் வந்தது. 1858 அக்டோபர் 21இல் அரங்கேறிய 'பாதாளத்தில் ஓர்ஃபியஸ்' என்ற ஓஃபன்பாக்கின் கேலி ஓபராவில் ஓர்ஃபியஸ் ஒரு வயலின் வாத்தியார். பெண்டாட்டிக்கு அவன் வயலினும் பிடிக்காது, அவனும் பிடிக்காது. பாதாளத்தின் அரசன் அவளைக் கொண்டுபோனதும் அவனுக்கு நிம்மதி. அப்போது 'பொதுஜன அபிப்பிராயம்' என்ற ஒரு பாத்திரம், நம் பாஷையில் நாலு பேர் வாய், அவன் காதைத் திருகிக் கடவுளர் சபைக்கு இழுத்துப் போகிறது. போய் மனைவியைத் திருப்பிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் வாயைத் திறக்கிறான். வருவது குளூக்கின் அதே ஒப்பாரி. கடவுளர் உருகி அதையே திருப்பிப் பாடுகிறார்கள்.

இங்கே ஓஃபன்பாக் மெட்டைக் கோணலாக்கவில்லை, யாரையும் அபஸ்வரம் பாட விடவில்லை, சீவாளியோ பாட்டிலோ கொண்டுவரவில்லை. குளூக்கின் பிரெஞ்சு வடிவத்தில் 'இழந்தேன்' என்று இருந்தது இங்கே 'பறித்துக்கொண்டார்கள்' என்று ஆகிறது. கைவைத்தது அந்தச் சொல்லில்தான். மற்றபடி பாடுகிறவனுக்கு மனதில் துக்கம் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம். அந்த மெட்டோ எப்போதும்போல் அழகாக ஒலிக்கிறது. பொய் சொல்பவனுக்கும் அதே கண்ணியத்தோடு சேவகம் செய்கிறது. ஹான்ஸ்லிக் ஒரு நூலில் வாதாடியதை ஓஃபன்பாக் சில அடிகளில் நடத்திக் காட்டிவிட்டார்.

ஓஃபன்பாக்கை எதிர்த்தும் இரண்டு வாதம் உண்டு. ஒன்று, அந்த ஒப்பாரி சிறிது நேரமே வருகிறது. மீதி ஓபராவை ஓட்டுவது அரசியல் கிண்டலும் கடைசியில் வரும் கான்கான் கூத்தும்தான். இரண்டு, குளூக்கைத் தெரியாத இன்றைய ரசிகருக்கு அது ஓர் இனிமையான மெட்டாக மட்டும் கடந்துபோய்விடும். ரஸ்ஸல்போல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஓஃபன்பாக் கதவைக் காட்டுவதில்லை. இரண்டையும் மறுக்க மாட்டேன்.

மூலத்தை அவமதிக்கிறது என்ற மூன்றாவது வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. பழமையின் புனிதம் கெட்டது என்று விமர்சகர் ஜூல் ஜானின் அன்றே பத்திரிகையில் பொரிந்து தள்ளினார். பலன், டிக்கெட் இன்னும் அதிகமாக விற்றது. ஆனால் அடுத்த ஆண்டு நவம்பரில் அதே பாரிஸில் பெர்லியோஸ் சீரமைத்த குளூக்கின் அசல் ஓர்ஃபியஸ், பவுலின் வியார்டோவின் குரலில் மேடையேறிப் பெருவெற்றி கண்டது. கேலியும் அசலும் ஒரே ஊரில் ஓராண்டு இடைவெளியில் செழித்தன. நல்ல பகடி மூலத்தைக் கொல்வதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

ஆக, தீர்ப்பு. மெட்டைச் சுமைகூலியாக்கிய ஷெர்மன் கடைசி. குரல்போலியை நம்பிய அளவில் டட்லி மூர் அதற்கு மேல். ஒரே கருத்தைக் கூர்மையாகச் சொன்ன பூனைகள் அடுத்து. ஷிக்கலே தன் பாதி வேலையால் மேலேயும் மறுபாதியால் கீழேயும் நிற்கிறார். முதலிடத்துக்குப் போட்டி ரஸ்ஸலுக்கும் ஓஃபன்பாக்குக்கும்தான். எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொள்ளும் தாராளம் ரஸ்ஸலுக்கு. ஆனால் அவர் ஆர்க்கெஸ்ட்ராவைக் கழற்றிய பிறகுதான் கேலி பிறக்கிறது. ஓஃபன்பாக் எதையும் கழற்றாமல், மூலத்தை அதன் முழு அழகோடு நிறுத்தி வைத்தே சிரிக்க வைக்கிறார். மிகக் குறைவாக மாற்றியவர் அவர்தான், மிக ஆழமாகத் தோண்டியவரும் அவரே. முதலிடம் அவருக்கு.

சந்தேகம் இருந்தால் ஓஃபன்பாக்கைக் கேட்ட கையோடு குளூக்கின் ஒப்பாரியைப் போட்டுக் கேளுங்கள். வாத்தியாரின் முகம் ஒரு கணம் நினைவுக்கு வரும், உதடு லேசாகப் பிரியும். நாலாவது அடிக்குள் அந்த முகம் போய்விடும். அலறாமல், மேஜர் ஸ்கேலில், முதுகு வளையாமல் ஒருவன் அழுவது அப்போது இன்னும் தெளிவாகக் கேட்கும்.